திண்ணையும் கல்லாவும்

மயிலாப்பூர் மாட வீதிகளில் திண்ணை வைத்த ஓட்டு வீடுகள் பல கடைகளாகிவிட்டன. திண்ணை போய்ப் படிக்கட்டு வந்தது, ரேழியில் கல்லாப்பெட்டி, முற்றத்தை மூடிப் புடவை அலமாரி. இதற்காக அங்கலாய்க்காத நண்பர் எனக்கு இல்லை. எல்லோரும் அடுக்குமாடியில் இருந்துகொண்டு அங்கலாய்க்கிறவர்கள் என்பது வேறு விஷயம்.

வீட்டைக் கடைக்கு விடுவது குற்றமா? நாலு பங்காளிகள் ஒரு முற்றத்தை எப்படிப் பங்கிட்டுக்கொள்வார்கள்? ஒழுகுகிற ஓட்டை மாற்ற வாடகை உதவும். வழியில் போகிறவர் விடுகிற பெருமூச்சு உதவாது.

செட்டிநாட்டில் இதைவிடக் கொடுமை நடந்தது. 1942-இல் ஜப்பானியர் பர்மாவில் புகுந்ததும், 1960-களில் அங்கே தொழில்களை அரசு எடுத்துக்கொண்டதும் எத்தனையோ குடும்பங்களின் வரும்படியை அறுத்துவிட்டன. பிரித்த வீடுகளின் தேக்குத் தூணும் நிலையும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. அங்கே வீடே சரக்கு. அதைப் பார்த்தபின் மாட வீதிக் கடைக்காரர்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. சுவரையாவது நிற்கவிட்டாரே!

நான் இருக்கும் கேளம்பாக்கத்திலிருந்து உப்பளங்களைத் தாண்டிக் கோவளம் போய் வடக்கே திரும்பினால் முட்டுக்காடு. அங்கே 1996-இல் திறந்த தட்சிணசித்ராவில், தென்னாட்டுப் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். அருமையான காரியம். செட்டிநாட்டு வீட்டுத் தூணைத் தடவிப் பார்த்தேன், வழவழப்புப் போகவில்லை. ஆனால் அடுக்களையில் புகை இல்லை. திண்ணையில் உட்காரவும் முதலில் சீட்டு வாங்க வேண்டும்.

திண்ணை வழிப்போக்கருக்காகக் கட்டியது என்று பெருமை பேசுகிறோம். எந்த வழிப்போக்கருக்கு? ஜாதி கேளாமல் இடம் கொடுத்த திண்ணைகள் எத்தனை? அந்த வீதிக்குள்ளேயே கால் வைக்க முடியாதவர்கள் இருந்தார்கள். இன்று அவர்களுடைய பேரனும் பேத்தியும் ரேழியைத் தாண்டி முற்றம் வரைக்கும் போய்ப் புடவையைப் புரட்டிப் பார்க்கிறார்கள். ‘நீ யார்?’ என்று கல்லா கேட்பதில்லை. இதை நினைத்தால் என் துக்கத்தில் பாதி கரைந்துவிடுகிறது.

மீதிப் பாதி கரையவில்லை. போன மழையில் கேளம்பாக்கத்தில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் ஒதுங்கினேன். ஐந்து நிமிஷத்தில் பையன் வந்து, “உள்ளே வாங்க சார், என்ன பாக்கறீங்க?” என்றான். மரியாதையாகத்தான் கேட்டான். ஒரு துண்டு வாங்கிக்கொண்டேன். பக்கத்தில் நனைந்துகொண்டு நின்ற கிழவியை அவன் ஒன்றும் கேட்கவில்லை. கையால் மட்டும் ஜாடை காட்டினான். அவள் அடுத்த கடை வாசலுக்கு நகர்ந்தாள்.