கூலி கேட்ட தொண்டு

பலனைக் கருதாது செய்யும் பணியே உத்தமமானது என்று பகவத் கீதை முதலாக நம் ஞான நூல்கள் பலவும் ஒருமுகமாகச் சொல்லியிருக்க, ஒருவன் பலனைக் கருதினானா இல்லையா என்று அறிவது எவ்வாறு என்ற கேள்விக்கு மட்டும் எளிதில் விடை அகப்படுவதில்லை. பணத்தை வேண்டாதவன் புகழை வேண்டலாம். புகழைத் துறந்தவன் புண்ணியத்தில் கண் வைக்கலாம். புண்ணியமும் வேண்டாம் என்பவன், தான் எதையுமே வேண்டாதவன் என்ற நினைப்பை உள்ளூரச் சுவைத்துக்கொண்டிருக்கலாம்.

முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். ஆய் அண்டிரனைப் பாடிய உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், மறுமைப் பயனை எண்ணி இம்மையில் கொடுப்பதை வாணிகத்தோடு சேர்த்துவிட்டு, அத்தகைய வணிகன் அல்லன் அவன் என்று புறநானூற்றில் விலக்கிப் பேசினார். திருப்பாவையின் 29-ஆம் பாசுரத்தை விரித்துரைத்த வைணவ ஆசாரியர்களோ இன்னும் ஒரு படி சென்று, கைங்கரியத்தில் உண்டாகும் ஆனந்தத்தைக்கூடத் தனக்கென்று கொள்வது குற்றமே என்று கண்டார்கள். இத்தனை நுண்ணிய தராசில் நிறுத்தால் தேறுகிறவர் எத்தனை பேர்? தேறுவது கடினம் என்பதுகூடப் பெரிதில்லை. தன் மனத்தை ஓயாமல் சோதித்துக்கொண்டே தொண்டு செய்பவனுடைய பார்வை நாளடைவில் தன்மேலேயே நிலைத்துவிட, எவருக்காகத் தொண்டு தொடங்கியதோ அவர் அவன் கண்ணிலிருந்து மறைந்துபோகிறார் என்பதே கவலைக்குரியது.

மதுரைக்காரர்கள் பிறந்தது முதல் கேட்டுவரும் ஒரு கதையில் இந்தக் கேள்வி வேறு பக்கத்திலிருந்து அணுகப்படுகிறது. பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்தில் விரித்துரைத்த அந்தக் கதையில், வைகை பெருகிக் கரையை உடைக்க, வீட்டுக்கு ஒரு பங்காகக் கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் ஆணையிடுகிறான். பிட்டு விற்றுப் பிழைக்கும் கிழவி வந்திக்குப் பிள்ளையும் இல்லை, ஆள் வைக்கப் பொருளும் இல்லை. அவள் முன் கூடையும் மண்வெட்டியுமாக வந்து நின்ற சோமசுந்தரர், உனக்கு இரங்கி இலவசமாகச் செய்து தருகிறேன் என்று சொல்லவில்லை, கூலி பேசினார். உதிர்ந்த பிட்டு போதும் என்றார். சகல லோகங்களையும் படைத்தவனுக்கு உதிர்ந்த பிட்டு எதற்கு என்று கேட்டால், அது அவனுக்குத் தேவையில்லை, வந்திக்குத் தேவையாயிருந்தது என்றே சொல்லத் தோன்றுகிறது. கூலி கொடுத்தவள் என்ற நிலையில் அவள் ஒருவருக்கும் கடன்பட்டவள் ஆகவில்லை. அன்று கரையில் பங்கு அடைத்த மற்றக் குடிகளோடு சமமாக நின்றாள்.

ஆகவே தன்னலமின்மைக்கு அளவு, செய்தவன் ஒன்றும் வாங்கவில்லை என்பதில் இல்லை. பெற்றவர் தலை தாழவில்லை என்பதில் இருக்கிறது. சாஸ்திரங்களும் இதற்கு இடம் தராமல் இல்லை. கொடுப்பவன் சிரத்தையோடு கொடுப்பதோடு நில்லாமல் நாணத்தோடும் அச்சத்தோடும் கொடுக்க வேண்டும் என்று தைத்திரீய உபநிஷதம் விதிப்பதையும், பெறுகிறவரை அவமதித்துக் கொடுப்பதைத் தாமஸ தானம் என்று கீதையின் 17-ஆம் அத்தியாயம் கடைசி வரிசையில் தள்ளுவதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் கொடையாளியின் பெயர்ப் பலகையும் ஒரு வகைக் கூலிதானே, அதை மட்டும் ஏன் குறை கூறுவது என்று கேட்பார் உண்டு. மதுரைச் சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில் வழியெங்கும் பந்தல் போட்டு நீர்மோர் வார்ப்பது இந்தச் சீமையின் வழக்கம். கறிவேப்பிலையும் பச்சை மிளகாயும் மிதக்கும் அண்டாவிலிருந்து மொண்டு ஊற்றுகிறவன் குடிப்பவர் முகத்தைப் பார்ப்பதில்லை, அடுத்து நீளும் டம்ளரைப் பார்க்கிறான். குடித்தவரும் வாயைத் துடைத்துக்கொண்டு, நன்றி என்று ஒரு சொல் சொல்லாமல், கூட்டத்தில் கலந்துவிடுகிறார். இதற்கு மேலான கொடுக்கல் வாங்கலைக் காண்பது அரிது. அதே பந்தலில் டம்ளர் வாங்கும் கிழவரை ஒரு கணம் நிறுத்தி, பின்னால் இருக்கும் பிளெக்ஸ் பலகையும் சேர்ந்து விழும்படி படம் எடுக்கும்போது நடப்பது வேறு. வந்தி கொடுத்த கூலி அவள் கையால், அவள் சம்மதத்தோடு கொடுத்தது. இங்கோ, கூலியைத் தருவது வேடிக்கை பார்க்கும் ஊர். கிழவரின் தாகம் அதற்கு மூலதனம். பந்தலில் பெயர் எழுதுவது பெரிய பாவம் அன்று, வேண்டுமானால் எழுதிக்கொள்ளட்டும்; கிழவர் முகத்தை மட்டும் விட்டுவிடலாம்.

வந்தியின் கூலியாள் ஒரு விஷயத்தில் நமக்கு முன்மாதிரி ஆகமாட்டான். பிட்டைத் தின்றுவிட்டு ஆடினான், பாடினான், தூங்கினான். பங்கு அடைபடாமல் கிடக்க, பிரம்படி பட்ட பிறகே ஒரு கூடை மண்ணைக் கொட்டி மறைந்தான். அந்த அடி எல்லா உயிர்மேலும் பட்டதால் அவன் யார் என்பது தெரிந்தது. மனிதனுக்கு அந்தச் சலுகை கிடையாது. கர்மத்தில் திறமையே யோகம் என்ற கீதையின் வேறொரு விதிதான் அவனுக்கு உரியது. நல்ல எண்ணத்தோடு செய்யும் அரைகுறை வேலையால் ஏழைக்கு நேரும் கெடுதல், கெட்ட எண்ணத்தால் நேர்வதைவிடச் சில சமயம் அதிகம்.

இதே மதுரையில் 1976-இல், அரசு மருத்துவப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற 58-ஆம் வயதில், முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், பெறுகிறவர் தலை தாழாமையும் செய்கிறவர் திறமையும் ஒருங்கே கூடின. ஸ்ரீ அரவிந்தரின் கர்மயோகத்தில் ஊறியவர் அவர். கட்டணம் செலுத்துவோரும் செலுத்தாதோரும் அங்கே சிகிச்சை பெறலாம். தன்னால் இயலுமா இயலாதா என்பதைத் தீர்மானிப்பது நோயாளியே. ஏழ்மைக்குச் சான்று காட்டு என்று கேட்பாரில்லை. முகாம்களில் சோதித்து, இலவசமாகவே கண்புரை நீக்கித் தருகிறோம் என்று அழைத்தும் பலர் வராதிருந்த காரணத்தை ஆராய்ந்தபோது, அறுவை சிகிச்சை இலவசமானாலும் பஸ் கட்டணமும் சாப்பாடும் துணைக்கு வருகிறவரின் ஒரு நாள் கூலியும் இலவசம் அல்ல என்பது புலப்பட்டது. அதன் பிறகே ஊரிலிருந்து அழைத்துப் போகும் வண்டியும், சாப்பாடும், திரும்ப வீட்டில் கொண்டுவிடும் பொறுப்பும் சிகிச்சையின் பகுதியாயின.