சைக்கிள் ஓட்டத் தெரிந்தவருக்கு எதற்கு ஆசிரியர்?

புதுச்சேரியின் பாகூர், வில்லியனூர் பக்கத்து ஊர்களில் சைக்கிள் ஓட்டத் தெரியாத பெரியவரைக் காண்பது அரிது. பெரும்பாலோர் யாரும் சொல்லித்தராமல், குரங்கு பெடல் போட்டு, முட்டியைத் தேய்த்துக்கொண்டு தாமாகப் பழகியவர்கள். ஒருமுறை வந்துவிட்டால் ஆயுசுக்கும் மறக்காது என்பார்கள். உண்மைதான், மறப்பதில்லை. ஆனால் அது வளர்வதும் இல்லை. பத்து வயதில் எந்த அளவில் கற்றோமோ அதே அளவில்தான் ஐம்பதிலும் ஓட்டுகிறோம். வாழ்க்கையில் தெரியும் என்று நாம் ஒதுக்கிவைத்த எத்தனை காரியங்கள் இப்படி நின்றுபோயிருக்கும்? மவுண்டன் பைக் பயிற்சிக்குப் போகத் தொடங்கியதிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

மலையே இல்லாத ஊரில் மலைச் சைக்கிளா என்று கேட்டவர்கள் உண்டு. பாகூர் ஏரிக்கரையின் சரிவு, கரும்பு டிராக்டர்கள் பள்ளமாக்கிய மண்பாதை, மழைக்குப் பின் வழுக்கும் வரப்பு, பொம்மையார்பாளையம் பக்கம் மழைநீர் அறுத்த செம்மண் ஓடைகள் எல்லாம் கற்பதற்குப் போதும். 1970களில் கலிபோர்னியா இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களில் மலைச்சரிவில் இறங்கியதிலிருந்து வளர்ந்தது இந்த விளையாட்டு. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் சேர்ந்தது. 2023-இல் ஆசியப் போட்டி கேரளத்துப் பொன்முடியிலேயே நடந்தது.

எனக்குச் சொல்லித்தருபவர் என்னைவிட வயதில் மிகவும் இளைய தம்பி. “அண்ணே, ஓட்டுறது அப்புறம். முதல்ல நிக்கக் கத்துக்கலாம்” என்றுதான் ஆரம்பித்தார். இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். சீட்டிலிருந்து எழுந்து, முழங்காலும் முழங்கையும் தளர்ந்து மடங்க, உடம்பின் பாரம் கைப்பிடியில் விழாமல் பாதத்தில் இறங்க வேண்டும். அப்படி நின்றால் மேடுபள்ளத்தில் வண்டி ஆடினாலும் ஆள் ஆடுவதில்லை.

அடுத்தது பிரேக். முன் பிரேக்கைப் பிடித்தால் தலைகுப்புற விழுவோம் என்ற பயம் நம் ஊரில் எல்லோருக்கும் உண்டு. உண்மையில் வேகத்தை அதிகம் குறைப்பது முன் பிரேக்தான். பிரேக் பிடித்ததும் பாரம் முன் சக்கரத்துக்கு மாறுகிறது. அங்கே பிடிமானம் கூடுகிறது. பின் சக்கரமோ இலேசாகிச் சறுக்குகிறது. எனவே இடுப்பைத் தாழ்த்திப் பின்னுக்குக் கொண்டுபோய், குதிகாலை இறக்கி, ஒரே விரலால் மெல்ல அழுத்த வேண்டும். அதையும் வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். வளைவில் கண் முன் சக்கரத்தில் இருக்கக் கூடாது. போய்ச் சேர வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். கல்லைப் பார்த்தால் வண்டி கல்லுக்கே போகும்.

இவை எதுவும் கடினமான ரகசியம் இல்லை. ஆனால் இவற்றைத் தனியாகக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். சரிவில் இறங்கும்போது நம் முழங்கை விறைத்திருப்பதை நாம் உணர்வதில்லை. பக்கத்தில் நிற்பவருக்கு அது தெரிகிறது. ஆசிரியரின் முதல் உதவி அவருடைய அறிவைவிட அவருடைய பார்வைதான். நம்மை அக்கறையோடு கவனிக்க ஒருவர் இருக்கும்போதுதான் பழக்கம் பயிற்சியாகிறது. அந்த ஒருவர் இளையவராக இருந்தால் என்ன? கற்கும் இடத்தில் வயது பார்ப்பவருக்கு நட்டமே மிஞ்சும்.

பயிற்சி செய்யும் முறையிலும் ஒரு பாடம் இருக்கிறது. 1979-இல் ஷே, மார்கன் என்ற இரு ஆய்வாளர்கள் கை அசைவுகளைக் கற்பிக்கும் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தவர்கள் பயிற்சியின்போது சிறப்பாகச் செய்தார்கள். அசைவுகளை மாற்றி மாற்றிச் செய்தவர்கள் அப்போது தடுமாறினார்கள். பத்து நாள் கழித்துச் சோதித்தபோது தடுமாறியவர்களே முந்தினார்கள். அதனால்தான் எங்கள் தம்பியும் பிரேக், வளைவு, முன்சக்கரத்தைத் தூக்குதல் என்று கலந்து கலந்து செய்யச் சொல்கிறார். இன்று சுலபமாக வருவதை வைத்துக் கற்றலை அளக்கக் கூடாது. இது படிப்புக்கும் தொழிலுக்கும் பொருந்தும்.

கற்பவருக்கு ஆசிரியரைத் தேடித்தருவது சமூகத்தின் கடமை என்பதை இந்த மண் முன்பே அறிந்திருக்கிறது. 9-ஆம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் இயங்கிய கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாக எழுதிக் கொடுத்ததைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. நம் காலத்தில் அதைச் சைக்கிளிலேயே செய்து காட்டியது புதுக்கோட்டை. 1990களின் தொடக்கத்தில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சைக்கிள் பயிற்சியையும் சேர்த்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கற்றதாகப் பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியிருக்கிறார். முன்னே குழந்தையை உட்காரவைக்கலாம் என்பதால் பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே விரும்பியவர்களும் அவர்களில் உண்டு. கற்றவர்களே அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கவும் முன்வந்தார்கள்.

இன்று தமிழ்நாட்டில் 11-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசே சைக்கிள் தருகிறது. புதுச்சேரியிலும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் தரும் திட்டம் உண்டு. லாரியும் பேருந்தும் விரையும் சாலைகளில்தான் அந்தப் பிள்ளைகள் போகிறார்கள். வண்டி தரும்போதே பிரேக் பிடிக்கவும் வளைவில் திரும்பவும் முறையாகச் சொல்லித்தர வேண்டும். ஒவ்வொரு பள்ளி மைதானத்திலும் வாரம் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்கலாம். ஓட்டத் தெரிந்த பெரியவர்களே அந்தப் பொறுப்பை ஏற்க முன்வாருங்கள். அதற்கு முன் நீங்களும் ஒருவரிடம் போய் மீண்டும் கற்றுக்கொள்ளுங்கள்.