அடங்கத் தெரிந்த சுருள்

பலகையில் 26 சென்டிமீட்டர் விட்டத்துக்கு ஒரு வட்டம். வட்டத்தின் மேல் விரலிடை விட்டு வரிசையாக ஆணிகள். சைக்கிள் கடை வால்வு டியூபைச் சிறு துண்டுகளாக நறுக்கி ஒவ்வோர் ஆணிக்கும் மாட்டிவிட வேண்டும். வெறும் இரும்பில் உரசினால் கம்பியின் எனாமல் கீறிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத கீறல் போதும், ஒரு சுற்று பக்கத்துச் சுற்றோடு ஒட்டி உறவாட.

கம்பி மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் கிடைக்கும். 25 கேஜ், ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிமன். 25 சுற்றுக்கு இருபதரை மீட்டர் பிடிக்கும். எடை போட்டால் நாற்பது கிராம்கூட வராது. கிலோக் கணக்கில் கம்பி வாங்குகிறவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார். "எந்த மோட்டாருக்குண்ணே?" என்கிறார். மோட்டாருக்கு இல்லை, வெறும் வட்டமாகச் சுற்றப்போகிறேன், உள்ளே இரும்பே வராது என்று சொன்னால் ஒரு மாதிரி பார்க்கிறார். உள்ளே இரும்பு ஏறாத காயில் அவர் கணக்கில் பாதியில் நிற்கும் வேலை.

*

சுற்றும்போது கம்பி தொய்யவும் கூடாது, இழுபடவும் கூடாது. பழைய பனியன் துணியை நான்காக மடித்து, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, அதனூடே கம்பியை ஓடவிட்டால் இழுப்பு ஒரே சீராக இருக்கும். துணி லேசாகச் சூடாகும். ரீலிலிருந்து கம்பி தலைமேல் கழன்று வந்தால் முறுக்கு விழும்; ரீல் உருள வேண்டும், கம்பி உருளக் கூடாது. வாய் எண்ணிக்கொண்டே இருக்கும். வீட்டில் யாராவது "சாப்பிட வரலையா?" என்று கேட்டால் பதில் சொல்லாமல் எண்ணைச் சத்தமாகச் சொல்வதுதான் வழி. அவர்களுக்குப் புரிந்துவிடும்.

எண்ணிக்கையில் இத்தனை கண்டிப்பு ஏன் என்றால், சுருளின் மின்தூண்டல் சுற்றுகளோடு நேராக ஏறுவதில்லை. சுற்றின் வர்க்கத்தோடு ஏறுகிறது. சுற்றை இரட்டித்தால் அது நான்கு மடங்காகும். இந்த விட்டத்தில் 25 சுற்றுக்கு ஏறக்குறைய 400 மைக்ரோ ஹென்றி வரும். அளவு கிடைத்ததும் நாலு இடத்தில் நூலால் கட்டி, ஆணியை விட்டு மெல்லக் கழற்றி, காட்டன் டேப் சுற்றி, வார்னிஷில் நனைத்துக் காயவிட வேண்டும். காய்ந்த பிறகு கையில் எடுத்தால் ஒன்றுமே இல்லாதது போல் இருக்கிறது. நடுவில் வெறும் காற்று.

*

நான் கட்டுவது பல்ஸ் இண்டக்‌ஷன் வகை மெட்டல் டிடெக்டர். வேலை செய்யும் விதம் சொல்லிவிடலாம். சுருளுக்குள் ஒரு கணம் மின்சாரம் பாய்கிறது. ஒரு விநாடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. பிறகு மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்ச் அதைப் பட்டென்று துண்டிக்கிறது. துண்டித்ததும் காந்தப்புலம் சரிகிறது. 12 வோல்ட் பாட்டரியில் ஓடும் சுருளின் முனைகளில் அந்தக் கணம் சில நூறு வோல்ட் எழுந்து விழுகிறது. அருகே மண்ணுக்குள் ஓர் உலோகத் துண்டு இருந்தால், சரியும் புலம் அதற்குள் சுழல் மின்னோட்டத்தைக் கிளப்பிவிடும். சுருள் ஓய்ந்த பிறகும் அந்தச் சுழல் சிறிது நேரம் ஓடிக்கொண்டிருக்கும். அந்த மிச்சத்தைத்தான் கருவி கேட்கிறது. விநாடிக்குச் சில நூறு முறை இதே கதை.

ஆகவே இந்தச் சுருளுக்குக் கூவத் தெரிவது பெரிதில்லை. சட்டென்று அடங்கத் தெரிய வேண்டும். சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவில் தேங்கும் சிறு மின்தேக்கம்கூட அதை அடங்கவிடாது. கோயில் மணி அடித்து ஓய்ந்த பிறகும் ரீங்காரம் விடாமல் நிற்கிறதே, அப்படி. ரீங்காரம் இருக்கும்வரை மண் சொல்வது காதில் விழாது. குறுக்கே ஒரு ரெசிஸ்டர் போட்டு அதை அடக்குவார்கள். பெரும்பாலும் 500 ஓமுக்கும் 1000 ஓமுக்கும் நடுவில் எங்கோ அதன் இடம் இருக்கும். மதிப்பு கூடினால் சுருள் ஆடும்; குறைந்தால் ஆடாது, ஆனால் இழுத்து இழுத்து ஓயும். ஆசிலாஸ்கோப் திரையில் அந்தக் கோடு ஒரே வீச்சில் இறங்கி, தரை தொட்டு, அப்படியே படுத்துவிடும் புள்ளி ஒன்று உண்டு. அதைத் தேடித் திருகிக்கொண்டிருப்பதில்தான் இந்த வேலையின் பாதி நேரம் போகிறது. சுற்றுகளைச் சற்றே விலக்கி வைத்தால் தேக்கம் குறையும் என்று எனாமல் கம்பியை விட்டுவிட்டு, தடித்த பிளாஸ்டிக் உறை போட்ட வயரில் சுற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கும் மெல்ல அந்தப் பக்கம் சாய்வு வருகிறது.

சுருளைச் சுற்றி அலுமினியத் தாள் போர்த்துவது வெளி இரைச்சலைத் தடுக்க. ஒரு விரற்கடை இடைவெளி விட்டுத்தான் போர்த்த வேண்டும். வளையமாக மூடிவிட்டால் அந்தத் தாளே ஒரு சுற்றாகிவிடும். கருவி எந்நேரமும் அதையே கண்டுபிடித்துக் கத்திக்கொண்டிருக்கும்.

*

1831 ஆகஸ்ட் 29 அன்று லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே கம்பி சுற்றிச் சோதித்த இரும்பு வளையம் இன்றும் அங்கே இருக்கிறது. படத்தில் பார்த்தால் மூட்டை மாதிரி தெரியும். அன்று எனாமல் கம்பி கிடையாது. சுற்றுகள் ஒன்றையொன்று தொடாதிருக்க நூலையும் துணியையும் இடையிடையே கொடுத்துச் சுற்றியிருக்கிறார். மின்காந்தத் தூண்டல் என்ற பெரிய விஷயத்துக்கு முன்னால், யாரோ உட்கார்ந்து துணி கிழித்த நேரம் ஒன்று இருந்திருக்கிறது.

*

மெட்டல் டிடெக்டரின் வரலாற்றில் என் மனம் போய் நிற்பது ஒரு கட்டிலருகில். 1881 ஜூலை 2 அன்று வாஷிங்டன் ரயில் நிலையத்தில் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டை ஒருவன் சுட்டான். ஒரு குண்டு உடலுக்குள் தங்கிவிட்டது. எக்ஸ்ரே வர இன்னும் 14 ஆண்டுகள். டாக்டர்கள் கழுவாத விரலையும் கருவிகளையும் விட்டுத் தேடினார்கள். தொலைபேசி செய்த கிரஹாம் பெல், சமன் செய்து வைத்த சுருள்களைக் கொண்டுவந்தார். அருகே உலோகம் வந்தால் சமன் குலைந்து ரிசீவரில் ஓசை எழும். உள்நாட்டுப் போரில் பட்ட குண்டை இன்னும் உடம்பில் சுமந்தவர்கள் மேல் சோதித்தபோது அது வேலை செய்தது. அதிபரிடம் செய்யவில்லை. ஒரு முறை இணைப்புக் கோளாறு. அடுத்த முறை, ஆகஸ்ட் 1 அன்று, ஓரிடத்தில் என்றில்லாமல் பரவலாக ஓசை. மெத்தைக்குக் கீழே எஃகு ஸ்பிரிங் இருந்தது பிறகுதான் தெரிந்தது. போதாததற்கு, தலைமை டாக்டர் பிளிஸ் குண்டு வலப் பக்கம்தான் என்று முடிவுகட்டி, பெல்லை அங்கே மட்டும் தேட விட்டார். செப்டம்பர் 19 அன்று கார்ஃபீல்ட் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் குண்டு இடப் பக்கம் இருந்தது.

பெல்லின் சுருள் பொய் சொல்லவில்லை. இரும்பு இருந்தது, இருக்கிறது என்றது. அதற்கு மேல் அதனிடம் கேட்க ஒன்றுமில்லை.

1941-இல் ஸ்காட்லாந்தில் இருந்த போலந்து அதிகாரி யூசெஃப் கோசாட்ஸ்கி, ஓர் ஆள் கையில் பிடித்து நடக்கும்படி கண்ணிவெடி காட்டும் கருவியை வடிவமைத்து, காப்புரிமை கேட்காமல் பிரிட்டிஷ் படைக்குக் கொடுத்தார். அடுத்த ஆண்டு எல் அலமெய்னில் அது வேலைக்கு வந்தது. அந்தக் கருவியின் பேரப்பிள்ளைகளை இலங்கையின் முகமாலையில் உள்ளூர்ப் பெண்கள் பிடித்து வேலை செய்தார்கள். பிளாஸ்டிக் கண்ணிவெடிக்குள் உலோகம் பேருக்குத்தான் இருக்கும். ஓசை கேட்டால் அது ஆணியா, மூடியா, வெடியா என்று மண்டியிட்டு, கையால்தான் அறிய வேண்டும். பொழுதுபோக்குக்குச் சுருள் சுற்றுகிறவன் இதை நினைக்காமல் இருக்க முடியாது.

*

நூறு அடி ஆழத்துப் புதையலைக் காட்டும், தங்கத்தை மட்டும் காட்டும் என்று சில கருவிகளை விற்கிறார்கள். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கியும் போகிறார்கள். சிறு பொருள் சுருளை விட்டுத் தள்ளிப்போன பிறகு, தூரம் இரட்டித்தால் திரும்பி வரும் சைகை 64-இல் ஒரு பங்காகிறது. போகும்போது எட்டில் ஒன்று, வரும்போது எட்டில் ஒன்று. என் சுருளுக்கு ஒரு ரூபாய் நாணயம் ஒரு சாண் ஆழத்தில் கேட்டால் அது நல்ல நாள். சரளைச் செம்மண்ணில் அதுவும் குறையும், மண்ணில் உள்ள இரும்புச் சத்தே முணுமுணுப்பதால். புதையல் ஆசையோடு வருகிறவர்களிடம் இந்த 64-ஐச் சொல்லிப் பார்க்கிறேன். கணக்கு யாரையும் தடுப்பதில்லை. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தையும் சொல்வேன்: மண்ணுக்குள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். எனக்கு அந்த நிலை வராது. சோடா மூடி, லாடத்து ஆணி, மாத்திரை அட்டைத் தகடு, விளிம்பு வளைந்து வளைந்து இருக்கும் பழைய அலுமினியப் பத்துப் பைசா. இவைதான் வருகின்றன.

*

பக்கத்துக் காட்டுப் பெரியம்மா கடலை பிடுங்கும்போது தோட்டுத் திருகாணியைத் தொலைத்துவிட்டார். "குந்துமணித் தங்கம்தான் தம்பி. ஆனா எங்கம்மா போட்டது. உன் மெசினைக் கொஞ்சம் கொண்டாயேன்" என்கிறார். வெள்ளிக் காப்பு என்றால் கவலையே இல்லை. அதற்குள் சுழல் நீண்ட நேரம் ஓடும். திருகாணி அளவு தங்கத்தில் அது சில மைக்ரோ விநாடியில் ஓய்ந்துவிடும். அதற்கு முன்னால் சுருள் ஓய்ந்திருக்க வேண்டும். இப்போதுள்ள பெரிய சுருளுக்கு அந்தச் சுறுசுறுப்பு இல்லை. 15 சென்டிமீட்டரில் ஒன்று சுற்ற வேண்டும், பிளாஸ்டிக் உறை வயரில், முப்பது சுற்று போல. அதுவரை அந்தப் பாத்தியில் ஏர் ஓட்ட வேண்டாம் என்று பெரியம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். "மழைக்கு முன்னாடி முடிச்சிடுவியா?" என்று கேட்டார்.