செஞ்சிக் கோட்டையும் காவல் தெய்வங்களும்

செஞ்சிக் கோட்டை ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை ஒரே மதிலால் வளைத்துக் கட்டியது. மதிலின் சுற்றளவு ஏறத்தாழ 13 கிலோமீட்டர். மூன்றில் உயர்ந்த ராஜகிரி சுமார் 800 அடி. அதன் உச்சிக்குச் சற்றுக் கீழே பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது, குறுக்கே மரப்பாலம். பாலத்தை இழுத்துக்கொண்டால் மேலே இருப்பவர்களை யாரும் நெருங்க முடியாது. உச்சியில் ஒரு பீரங்கி இன்றும் கிடக்கிறது. அந்தக் கனத்தை அவ்வளவு படி ஏற்றியவர்கள் பட்ட பாட்டை ஏறிப் பார்த்தவர்கள்தான் அறிவார்கள்.

இந்தக் கோட்டையைக் காத்தவை கல்லும் வெடிமருந்தும் மட்டும் என்று ஊரார் சொல்வதில்லை. ராஜகிரிக்கு ஏறும் வழியில் கமலக்கண்ணியம்மன் கோயில் இருக்கிறது. செஞ்சி என்ற பெயரே செஞ்சியம்மனால் வந்தது என்றும், இவ்விரு அம்மன்களும் ஏழு கன்னியருள் சேர்ந்தவர்கள் என்றும் வழக்கு. மலைமேல் ரங்கநாதர், அடிவாரத்தில் வேங்கடரமணர். இத்தனை காவல் இருந்தும் கோட்டை மாறி மாறிக் கைமாறியது. நாயக்கர்களிடமிருந்து 1649-இல் பீஜப்பூர் சுல்தான் கைக்கும், 1677-இல் சிவாஜி கைக்கும் போனது. முகலாயத் தளபதி சுல்பிகர் கான் 1690 முதல் முற்றுகையிட்டு 1698-இல்தான் பிடித்தான். உள்ளே இருந்த மராட்டிய அரசர் ராஜாராம் அதற்குள் தப்பிவிட்டார். அதே கோட்டையை 1750 செப்டம்பரில் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை ஒரே இரவில் கைப்பற்றியது. குன்றுகளிலிருந்து குண்டுகள் பொழிந்தும் விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. 1761-இல் ஆங்கிலேயர் வந்தார்கள். 1780-இல் ஹைதர் அலி.

அப்படியானால் காவல் தெய்வம் என்ன செய்துகொண்டிருந்தது? எட்டு ஆண்டு தாங்கிய மதில் எட்டு மணி நேரம்கூடத் தாங்காமல் போனதற்குத் திருக்குறளின் ‘அரண்’ அதிகாரத்தில் விடை உண்டு. எவ்வளவு மாண்புடைய அரணும், உள்ளே இருப்பவர் செயல்திறன் இல்லாதவரானால் இல்லாததற்குச் சமம் என்று அந்த அதிகாரம் முடிகிறது. இது அரசியல் விடை. தெய்வத்தை அது இழுக்கவே இல்லை. சமயத்தின் விடை வேறு. அதுவும் ஒன்றல்ல.

முதல் விடை கமலக்கண்ணியம்மனிடமே இருக்கிறது. கோட்டையில் கொடி மாறியதே தவிர, அம்மனுக்கு நடந்த பூசை மாறவில்லை. முன்பு எருமை பலி கொடுத்ததாகச் சொல்லப்படும் இக்கோயிலில் இன்றும் சித்திரையில் திருவிழா. குடிமக்கள் கணக்கில் அம்மன் காப்பது மலையை, மண்ணை, மழையை; கோட்டைத் தலைவனை அல்ல. அரசர்கள்தான் அவளைத் தங்கள் படைத்தலைவியாக நினைத்துக்கொண்டார்கள். அரசர் கட்டிய பெருங்கோயிலின் கதி இதற்கு நேர்மாறு. வேங்கடரமணர் கோயிலில் தெய்வத்தோடு தூண்களும் நிலைக்கவில்லை. செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோன தூண்கள் புதுச்சேரிக் கடற்கரையில் இப்போது காந்தி சிலையைச் சூழ நிற்கின்றன.

இரண்டாவது விடை செஞ்சியை அடுத்த சிங்கவரத்தில். பல்லவர் காலக் குடைவரையில் அங்கே ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். முகம் நேரே நோக்காமல் சாய்ந்திருக்கும். செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜா ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானுடன் போருக்குக் கிளம்புமுன் விடைபெற வந்தபோது, போகாதே என்பதுபோல் பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது கதை. தேசிங்கு போனான். 1714 அக்டோபரில் களத்தில் விழுந்தான், வயது 22. நண்பன் முகம்மது கானும் கூடவே மாண்டான் என்று பாடுகிறது நாட்டுப்பாடல். சிற்பி முகத்தை அப்படிச் செதுக்கியது தேசிங்குக்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பு. கதைதான் பிறகு வந்து சிலையில் ஒட்டிக்கொண்டது. ஆனாலும் கதையின் சமயக் கருத்து கூர்மையானது. இங்கே இறைவன் கைவிடவில்லை, எச்சரித்தான்; தடுக்க மட்டும் இல்லை. ஊழ் என்று ஓர் அதிகாரமும் ஆள்வினை என்று ஓர் அதிகாரமும் வைத்த மரபுக்கு இது புதிதல்ல. தேசிங்கு தோற்றது விதியாலா, பிடிவாதத்தாலா என்பதைக் கதை தீர்த்துவைக்காமல் விட்டிருப்பதே அதன் பலம்.

மூன்றாவது விடை செஞ்சிக்கு வடமேற்கே மேல்மலையனூரில். அங்காளம்மன் கோயிலின் தலபுராணம் வெற்றி தோல்வி பற்றியதே அல்ல, கொலை பற்றியது. பிரமனின் ஐந்தாம் தலையைக் கிள்ளிய சிவனின் கையில் கபாலம் ஒட்டிக்கொண்டது. பிரம்மஹத்தி பற்றி, பித்தனாக அலைந்த அவரை அம்மன் இங்கேதான் விடுவித்தாள் என்கிறது அது. தக்க காரணத்தோடு கொன்ற கடவுளுக்கே தோஷம் உண்டு, அதைத் தானாகக் கழற்றவும் முடியாது என்பது சாதாரணக் கூற்றல்ல. வென்றவனும் கணக்குத் தீர்க்க வேண்டும் என்றாகிறது. மாசியில் நடக்கும் மயானக் கொள்ளையில் கொழுக்கட்டையும் தானியமும் காய்கறியும் சுடுகாட்டில் வாரி இறைக்கப்படுகின்றன. அடங்காத ஆவிகள் உண்டு ஓய்வதற்காக. அமாவாசை ஊஞ்சல் உற்சவத்தில் உள்ளங்கையில் கற்பூரம் ஏந்தி நிற்பவர்களில் பேய் பிடித்ததென்று அழைத்துவரப்பட்டவர்களும் உண்டு. இந்தத் தெய்வத்தின் வேலை எதிரியை விரட்டுவதல்ல, அகாலமாய்ச் செத்தவர்களை ஆற்றுவது.

1714 போரின் முடிவும் இந்த நம்பிக்கைக்கு வெளியே இல்லை. தேசிங்கின் உடலோடு அவன் மனைவி தீப்பாய்ந்தாள். வென்ற சாதத்துல்லா கான் கோட்டைக்குள் பள்ளிவாசல் கட்டினான்; அந்தப் பெண்ணின் நினைவாகவே ராணிப்பேட்டை என்று ஓர் ஊருக்குப் பெயரும் வைத்தான் என்கிறார்கள்.