வேலியோரம்

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் 3.7 கிலோமீட்டர். வளைவோரம் நிற்கும் எனக்கு ஒரு கார் கண்ணில் படுவது சில விநாடிதான். யார் முந்துகிறார் என்பதுகூடப் பிடிபடாது. டிவி அத்தனையும் காட்டும். பிறகு ஏன் நேரில் போகிறேன்?

1994இல் இமோலா தடத்தில் கார்ப் பந்தய வீரர் அயர்ட்டன் சென்னா சுவரில் மோதியதை டிவியில் திரும்பத் திரும்பப் போட்டார்கள். பார்க்கப் பார்க்க அந்தச் சாவு வெறும் செய்தியாகிவிட்டது. அது இன்றும் என்னை உறுத்துகிறது. வேலியோரத்தில் இன்ஜின் சத்தம் நெஞ்சுக்கூட்டில் இறங்கும், கருகிய ரப்பர் வாடை தொண்டையைக் கமறவைக்கும். உள்ளே ஓர் உயிர் பணயத்தில் இருக்கிறது என்பதை அப்போது என்னால் மறக்கவே முடியாது.

இருங்காட்டுக்கோட்டைக்குப் பக்கத்து ஸ்ரீபெரும்புதூர் வைணவ ஆசாரியர் ராமானுஜர் அவதரித்த தலம். எங்கும் நிறைந்தவன் என்று நம்பும் வைணவர்கள்தான் ஊர் ஊராகப் போய்ப் பெருமாளைச் சேவிக்கிறார்கள். அவர்கள் செய்வது சரியென்றே எனக்குப் படுகிறது.