கியர் பாக்ஸை வெளியே அனுப்பாதே!

"கியர் பாக்ஸா? அது நமக்கு வேணாம்ணே. வெளியே குடுத்துடலாம்."

சின்ன ஊர்ப் பட்டறைகளில் நாள் தவறாமல் காதில் விழும் பேச்சு இது. யார் பேசுகிறார்கள்? ஹெட்டைக் கழற்றி கேஸ்கெட் மாற்றுகிறவன் பேசுகிறான். வால்வு இடைவெளியைக் கைப்பழக்கத்தில் சரிசெய்கிறவன் பேசுகிறான். எஞ்சினையே இறக்கி ஏற்றுகிறவன், அதன் பக்கத்தில் போல்ட் போட்டு மாட்டியிருக்கும் ஓர் அலுமினியக் கூட்டைக் கண்டதும் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறான். கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. திறமை போதாமல் வந்த பேச்சென்றால் பொறுத்துக்கொள்வேன். ஒரு தடவைகூடத் திறந்து பார்க்காமல் வந்த பேச்சு அது.

தம்பி, உன்னிடம்தான் பேசுகிறேன். ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் மோட்டார் வாகன மெக்கானிக் படித்துவிட்டு, இன்னும் வீல் கழற்றிக்கொண்டும் ஆயில் மாற்றிக்கொண்டும் நிற்கிறாயே, உன்னிடம். தங்கச்சி, "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்த வேலை" என்று கேட்டவர்கள் முன்னால் ஸ்பேனரைக் கீழே வைக்காமல் நிற்கிறாயே, உன்னிடமும்தான்.

உள்ளே என்னதான் இருக்கிறது? 1983-இல் வந்து, 2014-இல் தயாரிப்பு நின்றுபோன மாருதி 800-ஐ எடுத்துக்கொள். அதன் நான்கு கியர் பாக்ஸைத் திறந்தால் இரண்டு ஷாஃப்ட். அவற்றின்மேல் எந்நேரமும் ஒன்றையொன்று கடித்தபடியே சுற்றும் பல்சக்கர ஜோடிகள். நடுவே வழுக்கி நகரும் இரண்டு ஸ்லீவ், அவற்றைத் தள்ளும் ஃபோர்க், சில பேரிங், ரிவர்ஸுக்கென்று ஒரு தனிச் சக்கரம், ஓரத்தில் டிஃபரன்ஷியல். இவ்வளவுதான்! கண்ணுக்குத் தெரியாத, கைக்கு அகப்படாத பொருள் ஒன்றுகூட அதற்குள் கிடையாது. இதைப் பார்த்தா பயப்படுகிறாய்?

ஸ்பேனரைத் தொடும் முன் காதைத் தீட்டு. எஞ்சினை ஓடவிட்டு நியூட்ரலில் வை. கிளட்சை மிதிக்காதபோது உறுமல் கேட்கிறதா? இப்போது மிதி. நின்றுவிட்டதா? பாக்ஸுக்குள் இன்புட் ஷாஃப்ட் பேரிங் போயிருக்கிறது என்று முதல் சந்தேகத்தை எழுதிக்கொள். மிதித்தால்தான் சத்தம் என்றால் கிளட்ச் ரிலீஸ் பேரிங். அதற்கு பாக்ஸை இறக்கினால் போதும், பிரிக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு கியரில் மட்டும் ஊளை கேட்டால் அந்த ஜோடியின் பற்களைப் பார். ஓட்டத்தில் நியூட்ரலுக்குத் தள்ளிய பிறகும் வண்டி வேகத்தோடு சத்தம் ஏறி இறங்கினால், டிஃபரன்ஷியல் பக்கமோ வீல் பேரிங்கோ தேட வேண்டியிருக்கும். ரிவர்ஸ் மட்டும் ஊளையிடுகிறதா? நேர்ப்பல் சக்கரத்தின் இயல்பு அது. அதை நோய் என்று சொல்லி ஒருவரிடம் காசு வாங்காதே.

கியர் போடும்போது கரகரவென்று இழுக்கிறது என்று வண்டி வருகிறது. எஞ்சினை அணைத்துவிட்டு ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார். தடையில்லாமல் விழுகிறது, எஞ்சின் ஓடும்போது மட்டும் எல்லாக் கியரும் முரண்டு பிடிக்கிறது, கிளட்சை மிதித்துச் சில வினாடி பொறுத்த பின்னும் ரிவர்ஸ் கத்துகிறது என்றால் கிளட்ச் முழுதாக விடவில்லை. கேபிளைச் சரிசெய்து முடிகிற வேலையாகக்கூட இருக்கலாம். அதற்குப் போய் பாக்ஸை வெளியூர் லாரியில் ஏற்றிவிட்டவர்கள் உண்டு! மற்றக் கியரெல்லாம் ஒழுங்காக விழுந்து, மூன்றிலிருந்து இரண்டுக்கு வரும்போது மட்டும் இழுக்கிறதா? பழைய லாரி டிரைவர்கள் செய்ததுபோல டபுள் கிளட்ச் போட்டு, இடையில் ஆக்ஸிலேட்டரைத் தட்டி, இரண்டாவதைப் போடு. சத்தமில்லாமல் விழுந்தால் ஆள் அகப்பட்டுவிட்டான்: இரண்டாம் கியரின் சிங்க்ரோ ரிங். ஒரு போல்ட்கூடக் கழற்றாமல் நீயே கண்டுபிடித்துவிட்டாய். இப்போது சொல், இது உனக்கு வராத வேலையா?

கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வருகிறதென்றாலும் உடனே பிரிக்கப் பாயாதே. முதலில் மவுண்ட் ரப்பர் கிழிந்திருக்கிறதா, லிங்கேஜ் புஷ் ஆடுகிறதா என்று பார். அவை சரியாக இருந்தால்தான் உள்ளே ஃபோர்க், டிடென்ட் ஸ்பிரிங், மழுங்கிய பற்கள் என்று போக வேண்டும்.

ஆயிலை இறக்கும்போது அவசரப்படாதே. சுத்தமான தட்டில் பிடி. காந்தப் பிளக் இருந்தால் அதில் ஒட்டியிருப்பதை விரலால் தேய். மாவாக, சாம்பல் நிறத்தில் இருந்தால் வழக்கமான தேய்மானம். நகத்தில் இடறும் இரும்புத் துணுக்கு என்றால் பல்லோ பேரிங்கோ உடைகிறது. வெயிலில் காட்டும்போது ஆயிலில் பொன்துகள் மின்னினால் பித்தளைச் சிங்க்ரோ ரிங் கரைந்துகொண்டிருக்கிறது.

அந்த ரிங்கைக் கையில் எடு. உள்பக்கம் கூம்பாக இருக்கும். அதில் மயிரிழைபோல் நெருங்கிய கோடுகள் வெட்டியிருக்கும். அந்தக் கோடுகளின் கூர்முனைதான் ஆயில் படலத்தை அறுத்து, சக்கரத்தின் கூம்பைப் பிடித்து, இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்குகிறது. ஒன்றான பிறகே ஸ்லீவுக்கு வழிவிடும். கூர் மழுங்கிப் பளபளப்பாகிவிட்டால் ரிங் ஆயிலில் வழுக்கும். வேகம் சேராமல் ஸ்லீவ் போய் பல்லில் இடிக்கும். நீ கேட்ட கரகர அதுதான். புது ரிங்கையும் பழைய ரிங்கையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். ஆனால் விரலோடு நிற்காதே. ரிங்கைக் கூம்பின்மேல் அழுத்தி, ரிங்குக்கும் சக்கரத்தின் பல்லுக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அள. புதிதில் ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். எந்த அளவுக்குக் கீழே போனால் மாற்ற வேண்டும் என்பது அந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலில் அச்சாகியிருக்கிறது. அச்சிட்டு வைத்திருப்பது உனக்காகத்தான், படி!

இந்த ரிங்குக்குப் பின்னாலும் ஒரு மனிதன் இருக்கிறான். 1928 வரை, பல்லோடு பல்லைச் சேர்க்கும் வழக்கமான கியர் பாக்ஸ் கொண்ட கார் எதை ஓட்டினாலும் கியர் மாற்ற டபுள் கிளட்ச் போட்டாக வேண்டும்; தவறினால் பற்கள் அலறும். காரென்றால் அப்படித்தான் என்று ஊரே பழகிப்போயிருந்தது. அமெரிக்காவின் ஒரிகான் மாநிலத்துக்காரர் ஏர்ல் தாம்சன் மட்டும் பழக மறுத்தார். வேகத்தைச் சேர்த்துவிட்டுப் பல்லைச் சேர்க்கும் வழியைத் தானே வடிவமைத்தார். அந்தச் சிங்க்ரோமெஷ் 1928-இல் கேடிலாக் காரில் ஏறியது. பின்னாளில் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் வந்த ஹைட்ரா-மேட்டிக் ஆட்டோமேட்டிக் பாக்ஸை உருவாக்கிய குழுவுக்கும் அவரே தலைமை தாங்கினார். ஒன்றுமில்லாத இடத்தில் ஒருவர் சிங்க்ரோமெஷ்ஷையே உருவாக்க முடிந்தது. எல்லாம் எழுதி வைத்திருக்கும் காலத்தில், தேய்ந்த ரிங்கை மாற்ற உன்னால் முடியாதா?

முடியும். ஆனால் முறையாகச் செய். பிரிக்கும்போது ஒவ்வொரு கட்டத்தையும் செல்போனில் படமெடு. ஹப்பும் ஸ்லீவும் எந்தப் பக்கம் பார்த்து இருந்தன என்று மார்க்கரால் குறி. கழற்றிய வரிசையிலேயே துணிமேல் அடுக்கு. ஷிம் எங்கிருந்து வந்ததோ அங்கேயே அதன் அளவோடு எழுதி வை. ரிங்கை மட்டும் மாற்றிவிட்டு மூடாதே. சக்கரத்தின் கூம்பு கீறியிருந்தாலோ, சூட்டில் நீலம் பாய்ந்திருந்தாலோ, பல்நுனி உருண்டிருந்தாலோ புது ரிங் நிலைக்காது. சர்க்ளிப்பும் ஆயில் சீலும் புதிதாகவே போகட்டும். வண்டியில் ஏற்றும் முன் பெஞ்சிலேயே ஷாஃப்டைக் கையால் சுற்றி ஒவ்வொரு கியரும் விழுகிறதா என்று பார். ஆயில் விஷயத்தில் கடைக்காரர் கொடுத்ததை வாங்கி ஊற்றாதே. மேனுவல் ஜிஎல்-4 என்றால் ஜிஎல்-4 தான். எண் பெரிதாக இருக்கிறதே என்று ஜிஎல்-5 ஊற்றினால், அதில் கூடுதலாக உள்ள கந்தகச் சேர்மானம் பித்தளையை அரிக்கக்கூடும். ரிங்கின் பிடிப்பும் குறையும். நீ பாடுபட்டு மாட்டிய ரிங்கை நீயே கொல்லாதே.

"காயலான் கடையில் ஒரு பாக்ஸ் வாங்கி மாட்டிவிட்டால் வேலை சுலபம்" என்பார்கள். கூடு வெடித்து, பற்கள் கொட்டிப்போன பாக்ஸுக்கு அது சரி. ஒரு ரிங்கும் ஒரு பேரிங்கும் போன பாக்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டு, எவ்வளவு தேய்ந்தது என்றே தெரியாத இன்னொன்றை மாட்டுவது வைத்தியம் ஆகாது. டாக்ஸி ஓட்டிப் பிழைக்கிறவரின் ஒரு மாத வருமானம் அதில் இருக்கிறது. தேய்ந்த ரிங்கை அவர் கையில் கொடுத்து, "அண்ணே, இதுதான் போயிருக்கு, மற்றதெல்லாம் நல்லா இருக்கு" என்று நீ சொல்லும்போது அவர் முகத்தைப் பார். அந்த நம்பிக்கையைச் சம்பாதித்த பட்டறைக்கு விளம்பரப் பலகை வேண்டாம்.

முதல் பாக்ஸ் நேரம் எடுக்கும். எடுக்கட்டும்! "எத்தனை நாளா அதையே நோண்டிட்டு இருக்கே" என்று முதலாளி கேட்பார். கேட்கட்டும்! "அண்ணே, ஒரு பழைய பாக்ஸ் குடுங்க, வேலை நேரம் முடிஞ்ச பிறகு பிரிச்சு மாட்டிப் பழகிக்கிறேன்" என்று நேராகக் கேள். பெரும்பாலான பட்டறைகளின் மூலையில் அப்படி ஒன்று தூசி படிந்து கிடக்கிறது. அதை இன்று சாயங்காலமே பெஞ்சில் ஏற்று.