எக்காலத்துக்குமான பதினோரு பேர்

ஒரு கால்பந்துக் கழகத்தின் வரலாற்றிலேயே சிறந்த பதினோரு பேரைத் தேர்ந்தெடுப்பது டீக்கடைப் பேச்சு என்று ஒதுக்கப்படுவதுண்டு. எனக்கு அது அறக் கேள்வியாகப் படுகிறது. யாரை நினைவில் வைக்கிறோம், எந்த அளவுகோலால் வைக்கிறோம் என்பதுதானே அதற்குள் இருக்கிறது?

ஆண்களின் பழைய கழகங்களுக்கு அளவுகோல் தயார். 1911இல் வெறுங்காலோடு ஆடி ஐ.எஃப்.ஏ. கேடயம் வென்ற மோகன் பகான் வீரர்களை (ஒருவர் மட்டும் பூட்ஸ் அணிந்திருந்தார்) கொல்கத்தா அமரர்களாக்கிவிட்டது. நூறாண்டுக் குறிப்புகளும் படங்களும் தாத்தாக்கள் சொன்ன கதைகளும் கையில் இருக்கும்போது, ‘எத்தனை வருஷம் ஆடினார், வேறு அணிக்குப் போகாமல் இருந்தாரா’ என்று சலித்தெடுக்கலாம்.

அதே சல்லடையை மதுரையின் சேது எஃப்.சி. பெண்கள் அணியிடம் கொண்டுபோனால் என்ன ஆகும்? 2019 மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என வென்று இந்தியப் பெண்கள் லீக் கோப்பையை எடுத்த அணி அது. அந்தப் பருவத்தின் இறுதிக்கட்டம் முழுவதும் ஒரே ஊரில், மூன்று வாரத்துக்குள் முடிந்துவிட்டது. இங்கே ‘எக்காலமும்’ என்பதே வாரக்கணக்கு.

நேபாளத்தின் சபித்ரா பண்டாரி அந்த அணியில் ஆடினார். அடுத்த பருவம் கோகுலம் கேரளாவுக்குப் போனார். 2020 பிப்ரவரியில் இறுதி ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் கோல் அடித்து அவர்களுக்குக் கோப்பை வாங்கித் தந்தார். “அப்போ அவங்க நம்ம டீம் இல்லையே மேடம்” என்றாள் என் மாணவி ஒருத்தி.

விசுவாசம் நல்ல குணம்தான். ஆனால் சில வாரப் போட்டிக்குக் கூப்பிட்டுவிட்டு ஆயுள் விசுவாசத்தைக் கேட்பது என்ன நியாயம்? கல்யாணம் என்றால் பெண் இடம்பெயர்வதை இயல்பு என்கிறோம். பிழைப்புக்காகப் பெயர்ந்தால் மட்டும் ‘நம்ம ஆள் இல்லை’ என்கிறோம்.

கோல் அடித்தவரைப் பட்டியலில் சேர்ப்பது எளிது. காஞ்சிபுரத்தில் கோர்வைச் சேலை நெய்யும்போது, கரைக்கான நாடாவை வீச இன்னொரு ஆள் தறியில் உட்கார வேண்டும். நெசவாளி என்ற பெயர் ஒருவருக்குத்தான். அந்த இன்னொரு கையைத் தேடும் பழக்கத்தில்தான் நான் நடுக்களத்தை முதலில் பார்க்கிறேன். கடலூரிலிருந்து வந்து, போலீஸ் வேலையும் பார்த்துக்கொண்டு ஆடிய இந்துமதி கதிரேசன் அங்கே எனக்கு முதல் பெயர்.

ஆடவே விடப்படாதவர்களுக்காக ஓர் இடத்தைக் காலியாக விடலாம் என்று தோழி சொன்னாள். எனக்கு உடன்பாடில்லை. 1920இல் லிவர்பூலில் பெண்கள் ஆட்டத்துக்கு 53,000 பேர் திரண்டார்கள். மறுவருஷமே இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் மைதானங்களைப் பெண்களுக்கு மூடியது. அந்தத் தடை ஏறக்குறைய ஐம்பது ஆண்டு நீடித்தது. போன அந்த ஆண்டுகளை ஒரு வெற்றிடம் ஈடுகட்டாது. காலியிடம் நமக்கு ஆறுதல் தரும், அவ்வளவுதான். அங்கே ஆடிய ஒருத்தியின் பெயரை எழுதலாம்.

ஆகவே என் விதி இது: ஒரு பருவம் இந்தச் சட்டையில் ஆடியிருந்தால் போதும். சபித்ரா முன்வரிசையில், இந்துமதி நடுக்களத்தில். மீதி ஒன்பது இடங்களுக்கு மாணவிகள் ஆளுக்கொரு தாளோடு வந்திருக்கிறார்கள். கோல்கீப்பர் யார் என்பதில் இன்னும் சண்டை.